சைகோனுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு: விசாவிலிருந்து முதல் மூன்று நாள் வரை

வியட்நாமின் ஹோ சி மின் நகரம் என்பது அரசாங்கப் பெயர். ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் அது சைகோன்தான். தனியாகப் போகிறவருக்கு இந்த ஊர் ஆபத்தானதல்ல. ஆனால் காசு, சாலை, சாப்பாடு, முகவரி ஆகிய நான்கிலும் நம் கைப்பழக்கம் அங்கே அப்படியே செல்லாது. கூட ஒருவர் இருந்தால் ஒருவர் தவறை மற்றவர் பிடித்துவிடுவார். தனியாக இருந்தால் நாமேதான் பிடிக்க வேண்டும். அதனால் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, பயணம் நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

கிளம்பும் முன்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 15 முதல் இ-விசா 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசின் தளம் இவிசா டாட் கவ் டாட் விஎன். தேடினால் இதே பெயர்ச் சாயலில் பல தரகுத் தளங்கள் மேலே வந்து நிற்கும், அவை சில மடங்கு பணம் கேட்கும். முகவரியின் கடைசியில் 'கவ் டாட் விஎன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மூன்று வேலை நாள் என்று சொன்னாலும் பத்துப் பதினைந்து நாள் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது. வார விடுமுறையும் அவர்களுடைய பண்டிகை விடுமுறையும் வேலை நாளில் சேராது.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடம் பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவோ, தந்தை பெயரோடோ இருக்கும். பழக்கதோஷத்தில் இனிஷியல் சேர்ப்பதோ, இருக்கும் இனிஷியலை விரித்து எழுதுவதோ கூடாது. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் விமான நிறுவனமே செக்-இன்னில் நிறுத்திவிடும், கட்டிய பணமும் திரும்பாது. விசாவில் உள்ள தொடக்கத் தேதிக்கு ஒருநாள் முன்பு போனாலும் நுழைய முடியாது. இரண்டு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பையில், ஒன்று பெட்டியில்.

வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே இறக்கி, கார்டைச் சேர்த்து, ஓடிபி வந்து முடிகிற வரை பார்த்துவிடுங்கள். அங்கே போய்ப் புது சிம் போட்டபின் வங்கியின் ஓடிபி பழைய எண்ணுக்கு வரும். அந்த எண்ணில் ரோமிங் இல்லையென்றால் கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் எண்ணுக்கு வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருமா என்று முன்பே கேட்டு வையுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பதையும் வங்கிச் செயலியில் பாருங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காய்ந்த காலம், மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். மழையென்றால் நாள் முழுக்கத் தூறல் இல்லை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். வெளியே சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொண்டால் மழைக்காலத்திலும் தாராளமாகப் போகலாம். தவிர்க்க வேண்டியது தேத் எனும் சந்திரப் புத்தாண்டு. ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும், 2027-இல் பிப்ரவரி 6. அந்த வாரம் பாதி ஊர் சொந்த கிராமத்துக்குப் போய்விடும், சிறு உணவுக் கடைகள் மூடிக் கிடக்கும், பேருந்து டிக்கெட் கிடைக்காது.

மின்சாரம் 220 வோல்ட்தான். ஆனால் நம் பருத்த மூன்று முள் பிளக் நுழையாது. இரண்டு முள் சார்ஜர் அநேகமாக எங்கும் பொருந்தும். இ-சிகரெட் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், 2025 முதல் அங்கே தடை.

விமான நிலையத்திலிருந்து அறை வரை

தான் சொன் நியத் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நகர மையம் ஏழெட்டுக் கிலோமீட்டர். நெரிசல் நேரத்தில் அதுவே முக்கால் மணி ஆகும். வெளியே வருமுன் மூன்று வேலைகளை முடியுங்கள். கொஞ்சம் டாலர் மாற்றுவது (ரூபாயைக் கொண்டுபோனால் விலை அடிமட்டம், பல கவுண்டரில் வாங்கவே மாட்டார்கள்), விமான நிலையக் கவுண்டரில் சிம் வாங்கிப் பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்வது, கிராப் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. விட்டெல், வினாபோன், மோபிபோன் மூன்றும் நகருக்குள் நன்றாகவே எடுக்கும். டாலர் நோட்டு மடிப்பில்லாமல், கறையில்லாமல், கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்ததைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

கதவைத் தாண்டியதும் "டாக்ஸி, டாக்ஸி" என்று தோளைத் தொடும் ஆள்கள் யாரோடும் போக வேண்டாம். நம்பகமான வண்டிகள் வினாசன் (வெள்ளை), மை லின் (பச்சை), சான் எஸ்எம் (நீலப்பச்சை நிற மின்கார்). வினாசன், மை லின் பெயரை ஓரெழுத்து மாற்றி ஒட்டிய போலி வண்டிகளும் உண்டு. வரிசையில் நிற்கும் சீருடை ஊழியர் காட்டும் வண்டியில் ஏறுவது பாதுகாப்பு. மீட்டரில் 145.0 என்று காட்டினால் 1,45,000 டோங் (அவர்கள் நாணயம்) என்று பொருள், கடைசிச் சுழிகள் மீட்டரில் வராது. விமான நிலைய வாசல் கட்டணம் தனியாகச் சேரும். கிராப்பில் போட்டால் தொகை முன்பே தெரிந்துவிடும். வண்டி எண்ணைச் செயலியில் பார்த்துவிட்டே ஏறுங்கள். "நான்தான் கிராப்" என்று வந்து நிற்பவர் பலர் உங்கள் கிராப் அல்ல. செலவைக் குறைக்க நினைப்பவருக்குப் பேருந்தும் உண்டு. 109, 152 என்ற எண்கள் பென் தான் சந்தைப் பக்கம் போகும்.

ஓட்டலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். தங்குபவர் விவரத்தைக் காவல் துறைக்குப் பதிய வேண்டியது அவர்கள் கடமை. கொடுத்து, பதிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போகும் நாள் வரை மேசை இழுப்பறையில் கிடக்க விடாதீர்கள்.

இனி முகவரி. சைகோனில் வீடுகள் பாதி ஹெம் என்னும் சந்துகளுக்குள்தான் இருக்கின்றன. '120/35/8' என்று எழுதியிருந்தால், தெருவில் 120-ஆம் எண்ணில் ஒரு சந்து பிரியும், அதில் நுழைந்து 35-ஆம் எண்ணில் இன்னொரு சந்து, அதற்குள் 8-ஆம் எண் வீடு. சாய்கோட்டை விட்டுவிட்டு 120-ஆம் எண் கடை வாசலில் பெட்டியோடு நின்று தேடுகிறவர்கள் ஏராளம். இதோடு இன்னொன்று. 2025 ஜூலை 1 முதல் 'குவான்' என்னும் மாவட்டப் பிரிவு எடுக்கப்பட்டு, பின் யுவாங், பா ரியா–வுங் தாவ் மாகாணங்களும் நகரோடு சேர்ந்தன. காகிதத்தில் இப்போது வார்டுப் பெயர் மட்டுமே. மக்கள் பேச்சிலோ இன்னமும் "குவான் மோத்" (முதல் மாவட்டம்), "குவான் நாம்" (ஐந்தாம் மாவட்டம்) என்றுதான் வரும். பழைய முகவரியும் புது முகவரியும் ஒன்றே. வரைபடத்தில் குறியைச் சேமித்துக்கொண்டால் குழப்பமில்லை.

சுழிகளும் நீல நோட்டும்

ஒரு ரூபாய் ஏறக்குறைய 300 டோங். மனக்கணக்குக்குச் சுலப வழி: விலையில் மூன்று சுழியை அடியுங்கள், மிச்சத்தை மூன்றால் பெருக்கி, பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். 40,000 என்றால் 40, மூன்றால் 120, கூட்டினால் 130 ரூபாய் சொச்சம். அங்கே பேச்சிலும் 'ஆயிரம்' விழுந்துவிடும். "பா முவோய்" என்றால் முப்பது, அதாவது 30,000. பலகையில் '30கே' என்று எழுதியிருக்கும்.

இதையே வைத்து ஏமாற்றுவதும் நடக்கும். சிக்லோ என்னும் மூன்று சக்கர வண்டிக்காரர் ஏறும்போது ஒரு எண்ணைச் சொல்லி, இறங்கும்போது வேறொன்று கேட்பார். ஏறுமுன் போனில் எண்ணை முழுச் சுழியோடு தட்டிக் காட்டுங்கள், அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். இளநீர் காவடியை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்பவரும் இந்த ரகம்தான். தோளில் ஏறிய உடனே இளநீருக்கு விலை விழும்.

எல்லா நோட்டிலும் ஒரே முகம், ஹோ சி மின். 10,000-உம் அதற்கு மேலும் எல்லாம் வழவழப்பான பாலிமர். இதில் 20,000 நீலம், 5,00,000-உம் நீலப்பச்சை. இரவில், வண்டிக்குள், அவசரத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒன்று 70 ரூபாய்க்குள், மற்றொன்று 1,600 ரூபாய்க்கு மேல். பர்ஸில் 1,00,000-உம் அதற்கு மேலும் ஒரு அறை, அதற்குக் கீழே வேறு அறை என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். டாக்ஸியில் கொடுக்கும்போது உள்விளக்கைப் போடச் சொல்லி, நோட்டை விரித்து, தொகையைச் சொல்லிக் கொடுங்கள். பெரிய நோட்டைக் காலையில் நடைபாதைக் கடையில் நீட்டினால் சில்லறை இருக்காது. முதல் நாள் இரவே ஒரு மினிமார்ட்டில் தண்ணீர் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது.

சாலையைக் கடப்பது

வண்டிகள் வலப்பக்கம் ஓடும் ஊர். நம் கழுத்து வலப்பக்கம் திரும்பிப் பழகியது, ஆபத்து வருவதோ இடப்பக்கத்திலிருந்து. நடைபாதையிலிருந்து காலை எடுக்குமுன் முதலில் இடம், பிறகு வலம். இதை மட்டும் முதல் நாள் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

மோட்டார் சைக்கிள் வெள்ளம் நிற்கும் என்று காத்திருந்தால் நாள் முழுக்க நிற்கலாம். கடக்கும் முறை இது. கார், பேருந்து, லாரி வரவில்லை என்று உறுதி செய்யுங்கள், அவை உங்களைச் சுற்றி வளைந்து போகாது. பின் பாதையில் இறங்கி, ஒரே வேகத்தில், மெதுவாக, நேராக நடங்கள். வண்டியோட்டுபவர் உங்கள் அடுத்த இரண்டு அடியைக் கணித்து, முன்னாலோ பின்னாலோ விலகிப் போவார். கை சற்றுத் தாழ்ந்து, உள்ளங்கை வண்டிகளைப் பார்த்து இருந்தால் இன்னும் நன்று. விபத்து பெரும்பாலும் நடப்பது இதனால்: நடுவில் பயந்து ஓடுவது, அல்லது திடீரென்று ஓர் அடி பின்வாங்குவது. முன்னால் போவீர்கள் என்று கணித்து உங்கள் முதுகுப் பக்கம் வளைத்தவர், நீங்கள் பின்வாங்கினால் எங்கே போவார்? பயமாக இருந்தால் கடக்கும் உள்ளூர் மூதாட்டி ஒருவரின் பக்கத்தில், வண்டி வராத பக்கமாகச் சேர்ந்து நடங்கள். அவர்கள் வேகத்தைக் கவனித்தாலே பாதி கற்றாயிற்று. நடைபாதைமேலும் வண்டி ஏறி வரும், அங்கேயும் காதைத் திறந்து வையுங்கள்.

போன் பறிப்பு இந்த ஊரின் உண்மையான தொல்லை. வண்டியில் இருவர் வந்து, விளிம்பில் நின்று வரைபடம் பார்ப்பவரின் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடுவார்கள். போனைப் பார்க்க வேண்டுமென்றால் கடை வாசலுக்குள் ஏறி, சுவருக்கு முதுகைக் கொடுத்துப் பாருங்கள். பையைக் குறுக்காக, சாலைக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். ஒருவேளை இழுத்தால் விட்டுவிடுங்கள், பிடித்துத் தொங்கினால் சாலையில் இழுபடுவீர்கள்.

வாடகை ஸ்கூட்டர் வேண்டாம். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படியான பன்னாட்டு உரிமம். இந்தியாவில் தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியானது. கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைத் தருவார், ஆனால் விபத்தென்றால் உரிமமில்லாமல் ஓட்டியதாகவே கணக்கு, காப்பீடும் கைவிடும். கிராப் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகலாம். மலிவு, வேகம். ஹெல்மெட் கட்டாயம், அவர்களே தருவார்கள், வாரை மாட்டிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 22-இல் தொடங்கிய மெட்ரோ முதல் தடம் பென் தானிலிருந்து சுவோய் தியென் வரை 19.7 கிலோமீட்டர், 14 நிலையங்கள். கட்டணம் சில ஆயிரம் டோங் முதல் 20,000 வரை. வெயிலில் களைத்தபின் குளிர்ந்த பெட்டியில் ஊரை மேலிருந்து பார்க்க நல்ல வழி.

அண்ணா, அக்கா, தம்பி

வியட்நாமிய மொழியில் 'நீ', 'நான்' என்று பொதுச் சொல்லை அதிகம் புழங்கமாட்டார்கள். எதிரிலிருப்பவரை உறவு சொல்லி அழைப்பதே வழக்கம். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தன்னைவிடச் சற்று மூத்த ஆண் 'ஆன்', பெண் 'சி', இளையவர் 'எம்'. அப்பா வயதுக்குச் சற்றுக் கீழே உள்ளவர் 'சூ', நம் சித்தப்பா. அத்தை 'கோ'. அழைக்கும்போது கடைசியில் 'ஒய்' சேரும்: "சி ஒய்!" என்றால் "அக்கா!" நம் மொழியில் இல்லாத ஒன்றும் உண்டு. 'நான்' என்பதற்கும் உறவையே சொல்வார்கள். அக்காவிடம் பேசும்போது நீங்கள் 'எம்', அதாவது "தம்பிக்கு ஒரு காபி". இதனால்தான் முதல் பேச்சிலேயே உங்கள் வயதைக் கேட்பார்கள். துருவிக் கேட்பதாக எண்ண வேண்டாம், எந்த உறவில் வைப்பதென்று தெரிந்தால்தான் அவர்களால் வாக்கியத்தையே தொடங்க முடியும். "கல்யாணம் ஆயிற்றா?" என்பதும் அதே வரிசையில் வரும். "சுவா" (இன்னும் இல்லை) என்றால் போதும், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

நடைபாதையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட காபிக்கடையில் இதைச் சோதித்துப் பாருங்கள். கையை உயர்த்தி விரல் சொடுக்கினால் முகம் இறுகும். "சி ஒய், மோத் கா ஃபே சூவா டா" (அக்கா, ஐஸ் போட்ட பால் காபி ஒன்று) என்று சொல்லுங்கள். தவறான இழுவையில் சொன்னாலும் கடைக்கார அக்கா திரும்பச் சொல்லித் திருத்துவார். கண்ணாடித் தம்ளரின் அடியில் இரண்டு விரல் தடிமன் கெட்டிப் பால், மேலே தகர வடிகட்டியில் சொட்டுச் சொட்டாய் இறங்கிய கறுப்பு டிக்காஷன். கலக்கிவிட்டு ஐஸ்மேல் ஊற்ற வேண்டும். கலக்காமல் குடித்தால் முதலில் கசப்பு, கடைசியில் வெறும் இனிப்பு. இடையே துளை உள்ள உருளை ஐஸ் ஆலையில் செய்தது, பயமின்றிக் குடிக்கலாம்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும் மொழி என்பதால், முக்கியமானவற்றை எழுத்தாகவும் போனில் வையுங்கள்: ஓட்டல் முகவரி, சைவக் குறிப்பு, ஒவ்வாமை. பணமோ பொருளோ கொடுக்கும்போது இரண்டு கையால். சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றுவது போல. அழைக்க உள்ளங்கை கீழ்நோக்கி அசைக்க வேண்டும். கோபத்தில் குரல் உயர்த்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வேலை நடக்காது.

சாப்பாடு

சைவர்களுக்கு இந்த ஊர் எளிது, ஒரு சொல் தெரிந்தால்: 'சாய்'. பௌத்த சைவ உணவுக்கு அந்தப் பெயர். பலகையில் 'குவான் சாய்' (சைவக் கடை), 'கொம் சாய்' (சைவச் சோறு) என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரில் பலர் சைவமாக இருப்பார்கள். அன்று சாதாரணக் கடையிலும் சாய் கிடைக்கும்.

மற்ற கடையில் "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது. காய்கறி பொரியலிலும் நுவோக் மாம் என்னும் மீன் சாறு விழும். ஃபோ நூடுல்ஸில் துண்டை எடுத்துவிட்டுத் தந்தாலும் சாறு எலும்பில் கொதித்தது. "தோய் ஆன் சாய்" (நான் சைவம்), "கோங் நுவோக் மாம்" (மீன் சாறு வேண்டாம்) இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அசைவத்தில் சில இறைச்சியைத் தவிர்ப்பவர்களுக்கு: 'போ' மாடு, 'ஹேயோ' பன்றி, 'கா' கோழி. கொம் தாம் (நொய்யரிசிச் சோறு), பான் மி (ரொட்டிச் சாண்ட்விச்) இரண்டிலும் சொல்லாவிட்டால் பன்றிதான் பெரும்பாலும் வரும்.

தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே இயல்பு, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நேரம்தான் முக்கியம். காலை ஆறுக்கே கடை சூடாகும், பதினொன்றுக்கு மதியச் சாப்பாடு, ஒரு மணிக்குப் பல கடையில் சோறு தீர்ந்து, ஊர் கண்ணயரும். மேசையில் வைத்த ஈரத்துண்டுப் பொட்டலமும் வேர்க்கடலையும் இலவசமல்ல. பிரித்தால் சில ஆயிரம் டோங் பில்லில் ஏறும்.

எங்கே போவது

முதல் மாவட்டத்தில் பெரும்பாலானவை நடக்கும் தூரம். 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கி வாசலை இடித்து நுழைந்த சுதந்திர மாளிகை, 1891-இல் கட்டி முடித்த தலைமை அஞ்சலகம், பக்கத்தில் நோத்ர-தாம் தேவாலயம் (2017 முதல் பழுதுபார்ப்பு நடக்கிறது) இவை ஒரு காலையில் முடியும். வோ வான் தான் தெரு 28-ஆம் எண்ணில் உள்ள போர் எச்ச அருங்காட்சியகத்தை மட்டும் அவற்றோடு அடுக்காதீர்கள். போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நஞ்சால் பிறவிக் குறையோடு பிறந்தவர்களின் படங்கள் அங்கே உண்டு. பக்கத்தில் நிற்பவரின் குடும்பத்துக்கதையாகவும் அது இருக்கலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், படங்களின் முன் செல்பி வேண்டாம்.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது பென் தான் சந்தைக்கு அருகே, ட்ருவோங் டின் தெரு 45-இல் உள்ள மாரியம்மன் கோவில். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் லேவாதேவிக்கு வந்த நகரத்தாரும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தவர்களும் வாழ்ந்த ஊர் இது. 1975-க்குப் பின் பெரும்பாலோர் போய்விட்டார்கள், அம்மன் இருக்கிறாள். இருபுறமும் மதுரை வீரனும் பேச்சியம்மனும். வணங்குபவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர், சீனர். கருவறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கற்சுவரில் நெற்றியை ஒட்டி, கண்மூடி, வேண்டுதலைச் சுவரிடம் முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது படம் எடுக்காதீர்கள். தோன் தாத் தியெப் தெரு 66-இல் தண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. டோங் யூ தெரு 66-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல்.

மாலையில் பாக் டாங் படித்துறையிலிருந்து நீர்ப்பேருந்து, 15,000 டோங். அதன்பின் நுயென் ஹுவே நடைவீதி. புய் வியென் தெரு இரவில் ஒரே இரைச்சல். அங்கே போனால் பானத்தைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், விலைப் பட்டியல் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், திரும்பச் செயலி வண்டியிலேயே வாருங்கள். வாசலில் நின்று கூப்பிடும் மசாஜ் கடை எதுவும் வேண்டாம்.

காவல் 113, தீ 114, ஆம்புலன்ஸ் 115. இந்தியத் துணைத் தூதரகம் இந்நகரிலேயே உண்டு, எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். போன் போனால் எண்ணும் போகும்.

திரும்பும் நாளில் மிச்சமான டோங்கை அங்கேயே மாற்றிவிடுங்கள், வெளியே வாங்குவார் அரிது. விசாவின் கடைசித் தேதி நள்ளிரவைத் தாண்டிப் புறப்படும் விமானத்துக்குச் செல்லாது. இந்தியாவுக்கான விமானங்கள் நள்ளிரவு ஒட்டியே இருந்தால், விண்ணப்பிக்கும்போதே ஒருநாள் கூட்டிக் கேளுங்கள்.